பாட்டு கீது, பாட மாட்டேங்குது

எங்கள் தெருவில் கணினி, பென் டிரைவ், செல்போன் சம்பந்தமான பஞ்சாயத்து எதுவானாலும் கடைசியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நான் கணினி படித்தவன் அல்ல. அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், எழுபதைத் தாண்டியவன். ஆனால் நேரமும் பொறுமையும் உண்டு. இந்த வேலைக்கு அந்த இரண்டும் போதும் என்று ஒடுகத்தூரில் முடிவு செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்கூடச் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவோடு எட்டிப் பார்ப்பார். குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “பாட்டு கீது சார், பாட மாட்டேங்குது.”

கேசட் காலத்தில் இப்படி ஒரு குறையை யாரும் சொன்னதில்லை. டேப் சிக்கிக்கொள்ளும், பென்சிலை விட்டுச் சுற்றுவோம். ஹெட்டில் அழுக்குச் சேரும், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்போம். ஆனால் வேலூரில் வாங்கிய கேசட் குடியாத்தத்து டேப் ரிக்கார்டரில் பாடாது என்று ஒருநாளும் இருந்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. கேசட்டை 1963-இல் கொண்டுவந்தது ஃபிலிப்ஸ் நிறுவனம். அதன் அளவுகளையும் முறையையும் மற்ற நிறுவனங்களும் உரிமத்தொகை இல்லாமல் பயன்படுத்தலாம் என்று பிறகு விட்டுக்கொடுத்தது. அதனால் ஜப்பான்காரன் செய்த பெட்டியிலும் பாடியது, டெல்லியில் கூட்டிச் சேர்த்த பெட்டியிலும் பாடியது.

பாட்டு கணினிக்குள் போனபிறகுதான் இந்தத் தலைவலி. வருகிறவர்கள் எல்லாரும் “எந்த பிளேயர் நல்ல பிளேயர் சார்?” என்று கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றே. பிளேயரை அப்புறம் பார்க்கலாம், பாட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிளேயர் இன்று வரும், நாளை போகும். வடிவம் பூட்டுப் போட்டதாக இருந்தால் பாட்டும் கூடவே போய்விடும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கூத்து ஒன்றின் விடியற்காலைப் பகுதி இப்படித்தான் என் கண்ணெதிரே இருந்தும் காதுக்கு எட்டாமல் கிடக்கிறது. அந்தக் கதைக்கு வருவதற்குமுன் வடிவம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஆடியோ சிடியில் ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். இடது பக்கத்துக்குத் தனி, வலது பக்கத்துக்குத் தனி. இப்படி எழுதினால் ஒரு நிமிடப் பாட்டுக்குப் பத்து எம்.பி.க்கும் கொஞ்சம் மேலே இடம் வேண்டும். நாலு நிமிடப் பாட்டு என்றால் நாற்பது எம்.பி. அன்றைய கணினிகளுக்கு அது பெரிய பாரம்.

ஜெர்மனியில் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தவில்காரர் ஓங்கி அடிக்கிறபோது பக்கத்தில் இருப்பவர் தொண்டையைக் கனைத்தால் நம் காதில் விழாது. காதில் விழாததை எதற்கு எழுதி வைக்க வேண்டும்? அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினால் பதினோரு பங்கில் ஒரு பங்கு இடம் போதும். அதுதான் எம்.பி.3. கோப்பின் பெயருக்குப் பின்னால் போடும் அந்த மூன்று எழுத்து வால் 1995 ஜூலையில் முடிவானது.

இரண்டு ஆண்டு கழித்து, 1997-இல், அமெரிக்காவில் ஜஸ்டின் ஃபிராங்கல் என்ற பையன் விண்ஆம்ப் என்ற பிளேயரை வெளியிட்டான். பையன் என்று உரிமையோடுதான் சொல்கிறேன், அப்போது அவனுக்கு இருபது வயது நிரம்பவில்லை. நம்மூர் பிரவுசிங் சென்டர்களிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. 1999-இல் ஏஓஎல் நிறுவனம் அதை வாங்கியது. 2013-இல் மூடப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு ரேடியோனமி என்ற பெல்ஜிய நிறுவனத்துக்குக் கைமாறியது. இத்தனை நடந்தும் விண்ஆம்ப்பில் கேட்ட எம்.பி.3 பாட்டு எதுவும் கெட்டுப்போகவில்லை. வேறு பிளேயரில் போட்டார்கள், பாடியது. என் கட்சிக்கு இது முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. டயல்-அப் இணைப்பு இருந்த காலத்தில் ஒரு எம்.பி.3 பாட்டை இறக்கக் கால் மணி நேரம் ஆகும், டெலிபோன் பில்லும் ஓடும். அதனால் அன்றைய தமிழ்ப் பாட்டு இணையதளங்கள் பலவும் ரியல் ஆடியோ என்ற வடிவத்தில் பாட்டைத் தந்தன. சொடுக்கியவுடன் பாட ஆரம்பித்துவிடும். வெளிநாட்டில் இருந்த நம் பிள்ளைகளுக்கு இளையராஜாவும் விஸ்வநாதனும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அது ஒரே நிறுவனத்தின் சொந்த வடிவம், அவர்கள் கொடுக்கும் பிளேயரே வேண்டும். அந்த பிளேயரின் புழக்கம் குறைந்ததும் அப்படிச் சேமித்து வைத்த பாட்டுகள் அநாதையாகிவிட்டன. இன்றும் யாராவது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து திறந்தால் அந்த வால் உள்ள கோப்புகள் வரிசையாக நிற்கும்.

இனி எங்கள் கூத்துக் கதை.

வடாற்காட்டில் பிறந்தவர்களுக்குத் தெருக்கூத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பாண்டிச்சேரியில் வளர்ந்தவன், மனைவியின் ஊருக்கு வந்து தங்கியவன். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் என் மைத்துனர். ஆம்பூரில் டேனரியில் வேலை செய்தார். போனஸ் பணத்தில் ஒரு டூ இன் ஒன் வாங்கினார். 1987-இல் பக்கத்து ஊர் திரௌபதியம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் கர்ண மோட்சம் நடந்தபோது, அந்தப் பெட்டியை ஆர்மோனியக்காரர் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்கப் பதிவு செய்தார். தொண்ணூறு நிமிடக் கேசட் ஆறு. ஒவ்வொரு நாற்பத்தைந்து நிமிடத்துக்கும் எழுந்துபோய்ப் பக்கம் மாற்றினாராம். “தூங்கவே இல்ல மாமா, கர்ணன் சாவறத உட்டுட்டா அப்புறம் இன்னாத்துக்கு ரெக்கார்டிங்கு?” என்பார்.

கர்ணன் வேஷம் கட்டிய வாத்தியார் அன்றைக்கே வயதானவர். மைக்கை நம்பாத குரல். எதிரில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் கடைசி வரிசையில் கம்பளி போர்த்திய கிழவிக்கு வார்த்தை விளங்கும். பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் பெண்கள் அழும் சத்தம்கூட டேப்பில் விழுந்திருக்கிறது. மறு வருஷம் வாத்தியார் தவறிவிட்டார். அவர் குரல் வேறெங்கும் பதிவானதாக எங்களுக்குத் தெரிந்து இல்லை.

2003-இல் மைத்துனர் அந்த ஆறு கேசட்டையும் வேலூரில் ஒரு கடையில் கொடுத்து, பக்கத்துக்கு ஒரு சிடியாகப் பன்னிரண்டு ஆடியோ சிடி போட்டு வாங்கினார். அதை என் வீட்டுக் கணினியில் ஏற்றினோம். கணினியோடு வந்த பிளேயரில் சிடியைப் போட்டால் “நகல் எடுக்கவா?” என்று அதுவே கேட்கும். எடுத்தது. அழகாகப் பெயர் எழுதி வரிசையாக வைத்தது. ஆறேழு வருஷம் அதில்தான் கேட்டோம். விருந்தாளி வந்தால் பெருமையாகப் போட்டுக் காட்டுவோம்.

அந்தக் கணினி ஒருநாள் உயிரை விட்டது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்ததால் கோப்புகளைப் புதுக் கணினிக்கு மாற்றினோம். பன்னிரண்டும் பத்திரமாக வந்தன. ஒவ்வொன்றும் 43 எம்.பி. சொடுக்கினால் ஒரு சிறு பெட்டி தோன்றி, இதை இயக்க இந்தக் கணினிக்கு உரிமம் இல்லை என்றது.

விஷயம் இதுதான். பாட்டுத் திருட்டைத் தடுக்கிறோம் என்று சொல்லி, அந்த பிளேயரைச் செய்தவர்கள் நகல் எடுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பூட்டுப் போடும்படி அமைத்திருந்தார்கள். அதன் சாவி பழைய கணினியின் விண்டோஸுக்குள் எங்கோ இருந்தது. அந்த அமைப்பு யாரும் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தில், கடையிலிருந்து வரும்போதே டிக் போட்டு வந்திருந்தது. சினிமாக் கம்பெனிக்கும் ரிக்கார்டுக் கம்பெனிக்கும் பாதுகாப்பு வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயல்வெளியில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடிய கூத்துக்கு எந்தக் கம்பெனி உரிமையாளர்? என் மைத்துனர் கண்விழித்துப் பிடித்த ஒலியை என் மைத்துனரிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறது அந்த மென்பொருள்.

“சிடி இருக்கிறதே” என்பீர்கள். இருந்தது. வீட்டிலும் கடையிலும் எழுதும் சிடியில் ஒலி பதிவது ஒரு சாயப் பூச்சில். வெயில், ஈரம், விரல் படுவது எல்லாம் அதற்கு எமன். எங்கள் பன்னிரண்டில் மூன்று மட்டும் பாதிவரை ஓடின, மீதி ஒன்பதும் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டன.

இந்த நேரத்தில்தான் வி.எல்.சி. என்ற பிளேயர் அறிமுகமானது. சாலை வேலை நடக்கும் இடத்தில் வைப்பார்களே, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கூம்பு, அதுதான் அதன் சின்னம். பாரிஸுக்கு அருகே ஷாத்தனே-மலாப்ரி என்ற ஊரில் எக்கோல் சாந்த்ரால் என்ற இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை அது. விடுதியில் வேகமான நெட்வொர்க் வேண்டும், டெலிவிஷனை அதன் வழியாகப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். 2001-இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகுக்கே விட்டுவிட்டார்கள். மற்ற பிளேயர்கள் புது வடிவத்தைக் கண்டால் “கோடெக் கொண்டு வா” என்று நம்மை அலைய விடும். கோடெக் என்பது சுருக்கி எழுதியதை விரித்துப் படிக்கும் குறிப்பு. வி.எல்.சி. அந்தக் குறிப்புகளைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. அதில் பெரும்பகுதி எஃப்.எஃப்.எம்பெக் என்ற இன்னொரு பொதுச் சொத்திலிருந்து வருவது. அதை 2000-இல் தொடங்கியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர், ஃபாப்ரிஸ் பெல்லார்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆங்கிலத்தை அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன், இன்னும் கொஞ்சம் இடறும். வி.எல்.சி.யில் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றியவுடன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுபோல் இருந்தது. மெனு ஒவ்வொன்றையும் அன்றுதான் புரிந்து படித்தேன். ரியல் ஆடியோவில் கிடந்த பழைய பாட்டுகளில் பலவற்றை அது பாடிவிட்டது. கூத்துக் கோப்பை மட்டும் பாடவில்லை. வடிவம் தெரியாததால் அல்ல, பூட்டு இருப்பதால். பூட்டை உடைக்க அது வரவில்லை.

ஆகவே கேசட்டுக்கே திரும்பினோம். மைத்துனர் வீட்டுப் பரணில் ஆறும் இருந்தன. ஆம்பூரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு பாய் பழைய டெக் ஒன்றுக்குப் புது பெல்ட் போட்டு, ஹெட்டைச் சரிசெய்து கொடுத்தார். டெக்கின் பின்னாலிருந்து ஒரு ஒயர் கணினியின் லைன்-இன் துளைக்கு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு. கேசட் ஓடும் நேரம் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது. ஐந்து கேசட், ஏழரை மணி நேரம், நாலு சாயங்காலம்.

ஆறாவது கேசட்டில் பூஞ்சை. டேப் ஒன்றோடொன்று ஒட்டி, சுற்றும்போது கிழிந்தது. பாய் அதைக் கையில் வாங்கி விளக்கில் பார்த்துவிட்டு, “இது மவுத் ஆயிடுச்சு சார்” என்றார்.

ஆறாவது கேசட்டில்தான் கர்ணன் சாகிறான்.

மீண்ட ஐந்தையும் ஃபிளாக் வடிவத்தில் வைத்திருக்கிறேன். ஜோஷ் கோல்சன் என்பவர் 2001-இல் வெளியிட்ட வடிவம் இது. எம்.பி.3 வேட்டியில் கரையை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டிச் சிறிதாக்குவதுபோல. ஃபிளாக் வேட்டியை மடித்து வைப்பதுபோல. இடம் ஏறக்குறைய பாதிதான் மிச்சமாகும், ஆனால் பிரித்தால் ஒரு நூல்கூடக் குறையாது. அதைவிட முக்கியம், செய்முறை முழுவதும் வெளிப்படை. 2024 டிசம்பரில் இணையத் தர நிர்ணயக் குழுவே அதை ஆவணமாக வெளியிட்டுவிட்டது. இன்றிருக்கும் பிளேயர் அத்தனையும் மறைந்துபோனாலும் அந்த ஆவணத்தைப் படித்துப் புதிதாக ஒரு பிளேயர் எழுதிவிடலாம். அலுவலகத்தில் ஒரு கோப்பு முப்பது வருஷம் கழித்தும் பயன்பட வேண்டுமானால், எழுதியவர் ரிட்டையர் ஆன பிறகும் வேறொருவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அதே விதிதான் இங்கும். எம்.பி.3-யையும் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் காப்புரிமைகள் முடிந்து, 2017-இல் உரிமம் வழங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது அதுவும் பொதுவழிதான். பேரப்பிள்ளைகளின் செல்போனுக்கு எம்.பி.3, பெட்டகத்துக்கு ஃபிளாக் என்று வைத்துக்கொள்ளலாம்.

வடிவம் சரியானால் தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. பெயர் எழுதும் தொல்லை பாக்கி.

எம்.பி.3 கோப்பின் வாலில் பாட்டின் விவரம் எழுத 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஓர் ஏற்பாடு செய்தார். மொத்தம் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்கு ஒரு பைட் என்பதால் போதும். யூனிகோட் தமிழை இன்று வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. நம் வேலூரில் பிறந்து மூன்று முறை தேசிய விருது வாங்கிய வாணி ஜெயராமின் பெயரை எழுதிப் பாருங்கள். 34 பைட் வரும். மகாராசியின் பெயருக்கே இடம் இல்லை, கடைசியில் ‘ம்’ போய்விடும். பிறகு வந்த ஏற்பாட்டில் இடம் தாராளம். ஆனால் பழைய வாலை மட்டும் படிக்கும் சின்னப் பெட்டிகள் இன்றும் கடையில் விற்கின்றன.

யூனிகோடுக்கு முந்தைய கூத்து இன்னும் வேடிக்கை. டிஸ்கி, டாப், டாம் என்று தமிழுக்குப் பல குறியீடுகள். 1999-இல் தமிழக அரசு டாபையும் டாமையும் ஏற்றது, 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழில் பெயர் எழுதிய பாட்டுகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தொப்பி வைத்த ‘ஓ’, இரட்டைப் புள்ளி வைத்த ‘யு’, வால் முளைத்த ‘சி’ என்று வரும். எல்லாம் பிரெஞ்சு எழுத்துகள்! சிறுவயதில் இந்தத் தொப்பியை விட்டதற்காகப் பிரம்படி வாங்கியவன் நான். ஒவ்வோர் எழுத்தும் நெருங்கிய சொந்தம், சேர்த்துப் படித்தால் ஒரு வார்த்தை தேறாது.

பாடியவர் பெயரை வைத்து பிளேயர் அடுக்கும் முறையும் நமக்குப் பொருந்தாது. நம்மிடம் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும். ஒரு பாட்டில் புள்ளி வைத்து டி.எம்.எஸ்., இன்னொன்றில் புள்ளி இல்லாமல், மற்றொன்றில் முழுப்பெயர் என்று எழுதியிருந்தால் மூன்று சௌந்தரராஜன்களை உருவாக்கிவிடும். இசைவகை என்று ஓர் இடம் உண்டு. முதலில் போட்ட எண்பது வகைப் பட்டியலில் கர்நாடக சங்கீதமும் இல்லை, நாட்டுப்புறமும் இல்லை. ஒன்றும் நிரப்பாமல் பூஜ்யமாக விட்டால் பூஜ்யத்துக்கு உரிய வகை ப்ளூஸ். எங்கள் கர்ண மோட்சம் ஒரு பிளேயரில் ப்ளூஸ் என்றே நிற்கிறது. கறுப்பின மக்கள் பருத்திக் காட்டு வேதனையைப் பாடிய பாட்டு அது என்று படித்தபிறகு, திருத்த மனம் வரவில்லை.

இன்னொன்று, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விழும் இடைவெளி. எம்.பி.3 ஒலியை 1,152 அளவுகள் கொண்ட சிறு துண்டுகளாக நறுக்கும், துண்டு ஒன்று ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். முதலிலும் கடைசியிலும் மிஞ்சும் இடத்தை மௌனத்தால் நிரப்பும். அந்த மௌனத்தை வெட்டத் தெரியாத பிளேயரில் ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் ஒரு விக்கல் விழும். மூன்று நிமிடச் சினிமாப் பாட்டுக்கு இது தெரியாது. விடிய விடிய அறுபடாமல் ஓடும் கூத்துக்குத் தெரியும். ஃபிளாக்கில் இந்த விக்கல் இல்லை.

ஆகவே திண்ணைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது சில விஷயங்கள்தான். கோப்பின் பெயரிலேயே விவரம் எழுதுங்கள், உள்ளே இருக்கும் வாலை நம்ப வேண்டாம். 1, 2 என்று எண் போடாமல் 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் சில பிளேயர்கள் ஒன்றுக்கு அடுத்து பத்தைப் பாடும். இரண்டு தனித்தனி இடத்தில் நகல் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதி வையுங்கள், நோட்டுக்கு கோடெக் தேவையில்லை. பழைய பட்டன் போனில் இறந்துபோனவர்களின் குரல் இருந்தால் பேட்டரி உப்புவதற்குள் எடுத்துவிடுங்கள். அவை பெரும்பாலும் ஏ.எம்.ஆர். என்ற வடிவத்தில் இருக்கும். நொடிக்கு 8,000 அளவுதான், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கணினியோடு வரும் பிளேயர் தெரியாது என்று கையை விரித்தால் அழித்துவிடாதீர்கள். எஃப்.எஃப்.எம்பெக் அதைப் படிக்கும்.

போன தை மாதம் ஒரு பையன் வந்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. கர்ணன் வேஷம் கட்டிய வாத்தியாரின் பேரன். “எங்க தாத்தா குரல் உங்ககிட்ட கீதுன்னு சொன்னாங்க ஐயா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பூட்டாரு” என்றான். முதல் கேசட்டைப் போட்டேன். திரை விலக்கி வேஷம் வரும் இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஐந்தையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். “கடைசி?” என்று கேட்டான். கணினியில் அந்த இரண்டு கோப்பையும் காட்டினேன். 43 எம்.பி., 43 எம்.பி. பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதியிருக்கிறது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவன் கர்ணன், கடைசியில் கொடுக்கத் தெரியாத பெட்டிக்குள் போய் மாட்டிக்கொண்டான்.

அந்தக் கோப்புகளை நான் அழிக்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கையும் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன், சாவி அதற்குள் எங்காவது பிழைத்திருக்கலாம். ஆனால் அதைவிட எனக்கு நம்பிக்கை உங்கள் மேல். 1987-இல் அந்தக் கூத்துக்கு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தவர் என் மைத்துனர் ஒருவர் மட்டும் இல்லை. மேடைக்கு அந்தப் பக்கம், மத்தளக்காரருக்குப் பின்னால், இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்ததாக அவரே சொல்கிறார். ஒடுகத்தூர், அணைக்கட்டு, பள்ளிகொண்டா, மாதனூர்ப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பெயர் எழுதாத கேசட் கிடந்தால், பேரப்பிள்ளைகள் குப்பையில் போடுவதற்குமுன் எடுத்து வையுங்கள். பூஞ்சை இருக்கிறதா என்று டேப்பை வெளிச்சத்தில் பாருங்கள், சுற்றிப் பார்க்க வேண்டாம். என்னிடம் கொண்டு வாருங்கள். டெக்கின் பெல்ட் இன்னும் நன்றாகவே இருக்கிறது.